மூணாம் மாடிக் கடப்பாக்கல்

விழிஞ்ஞத்தில் பேச்சிமுத்து கொத்தனாரைத் தெரியாதவர் கிடையாது. தெரியாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். படிப்பு மூணாம் கிளாஸ். பதினாலு வயதில் மாற்றுத்துணிகூட இல்லாமல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, தன் கைவேலையால் மேலே வந்த ஆள். பஸ்ஸில் ஏறினால் மகளுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்காது. "அந்தா அந்த ஆசுபத்திரிப் படி, நான் போட்டது. பழவங்காடி ஜவுளிக்கடைத் தரை, நான் ஒட்டுனது. ஒரு சொட்டுத் தண்ணி தேங்குதுன்னு எவனாவது சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன்!"

அப்படிப்பட்ட மனுஷன், மகள் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுகிற அன்றைக்கு ஒரு பெருமையும் பேசவில்லை.

பொன்செல்விக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. துறைமுக வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கொத்தனார் புது வேலைக்குக் கண்ணூர் போகிறார். வாடகை அறையைக் காலி பண்ணியாக வேண்டும். யூனிபார்ம், போர்வை, கொடிக்கயிறு, சோப்பு டப்பா எல்லாவற்றையும் செங்கல் அடுக்குகிற மாதிரி சந்து விடாமல் தகரப்பெட்டியில் அடுக்கினார்.

"பக்கத்து வீட்டு ஷிஜு ஆட்டோவுல ஏத்திருவோம். நான் ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் வாறேன்."

"கேட்டு வரைக்குமா? நாளைக்கு ஒரு நாள்தான் ஆம்பளைகள உள்ள விடுவாங்க. எல்லாப் பிள்ளைக்கும் அப்பா, அச்சன்னு யாராவது ரூம் வரைக்கும் வருவாங்க. நான் மட்டும் அனாதையாட்டம் இத இழுத்துட்டுப் போணுமா?" பொன்செல்வி பெட்டியைக் காலால் தட்டினாள். "இந்தத் தகர டப்பாவ அங்க எங்க வைக்க?"

"ஏன், உனக்கு மூணாம் மாடிதான, ஜன்னலுக்குக் கீழ கடப்பாக்கல் மேடை இருக்குல்லா? அடியில பதினாறு இஞ்சு. பெட்டி பதினாலு. தள்ளுனா போயிரும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரூம நானே இன்னும் பாக்கல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" பொன்செல்வி அவர் எதிரே வந்து நின்றாள். "அந்த ஹாஸ்டல் நீங்க கட்டுனதா? பின்ன ஏம்ப்பா ஒரு நாளும் பீத்தல?"

பெட்டி மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். "மூணாம் மாடிக் கல்லெல்லாம் காலையில நான் வச்சேன், மோளே. மத்தியானம் உங்க அம்மா சாரத்துலருந்து..."

அப்போது பொன்செல்விக்கு நாலு வயது. சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் அம்மா மாடம்மாள் விழுந்து செத்தாள் என்று தெரியும். எந்த இடம் என்று யாரும் சொன்னதில்லை. பேச்சிமுத்து மறுநாள் மட்டம் பார்க்கிற தன் ரசமட்டத்தை எடுக்கக்கூட அங்கே போகவில்லை. பதினாலு வருஷமாய் அந்த வழி பஸ்ஸில் ஏறினதும் இல்லை.

"வேற ஹாஸ்டல் கெடையாதுப்பா," என்றாள் பொன்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் அங்கதான தூங்கணும். முதல் நாள் மட்டும் கூட வாங்க."

மறுநாள் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த மகள் முதுகில் கை வைத்தாள். ஏறினார். ஜன்னலுக்குக் கீழே பெட்டி இரண்டு இஞ்சு மிச்சம் விட்டுப் போய் நின்றது. கல்லின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் கல் ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை.

அறைத்தோழி ஆர்யாவின் அப்பாவும் அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பணியாணல்லோ. ஆரு செய்தது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மீசையை முறுக்கப் போன பேச்சிமுத்துவின் கை பாதியில் இறங்கியது.

"என் வீட்டுக்காரி சுமந்த சிமெண்டு சாரே," என்றார் பேச்சிமுத்து. "மாடம்மாள்னு பேரு."