காணாமல் போன ஆக்ஸிலேட்டர் கம்பி

“...வண்டி வந்தப்பவே அந்தக் கம்பி இல்லண்ணே,” என்றார் திருப்பரங்குன்றத்து மெக்கானிக்.

என் பழைய அம்பாசடரில் ஆக்ஸிலேட்டர் மிதியையும் கார்புரேட்டரையும் இணைக்கிற கம்பியையும் அதன் ஸ்பிரிங்கையும் காணோம். போன வாரம் சோழவந்தானில் வாங்கும்போது இன்ஜின் ஓடியதை என் காதால் கேட்டவன் நான்.

“கம்பி இல்லாட்டியும் இன்ஜின் சும்மா ஓடும்ணே. மிதிச்சுப் பாத்தீகளா?”

மிதிக்கவில்லை. பழைய வண்டியை ஓட்டிவரப் பயந்து, கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்திருந்தேன். ஆனாலும் மெக்கானிக்கை நம்ப மனசு வரவில்லை. கடையில் கிடைக்காத சாமான். கொட்டகை மூலையில் அவருடைய சொந்த அம்பாசடர் வேறு நிற்கிறது. என் கண் அங்கேயே போனது.

“எம்புட்டு நேரம்ணே தூரத்துல இருந்தே பாப்பீக? வாங்க,” என்று அதன் பானட்டைத் தூக்கினார். கம்பியும் ஸ்பிரிங்கும் பல மாசத்து நூலாம்படைக்குள் கிடந்தன. நான் வாய் திறக்குமுன் அதைத் துடைத்துவிட்டு, என் வண்டிக்குப் போட இரண்டையும் கழற்ற ஆரம்பித்தார்.