கொத்தாமல் வைத்த வரிசை

ஆலயத்தின் தெற்குச் சுவரோரம் கிடந்த காய்ந்த தென்னோலைகளை ஏட்டு தன் லத்தியின் நுனியால் தூக்கினார். அப்போது எழுந்த சரசரப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. ஓலைக்கு அடியில், கைக்கு அடங்குகிற கருங்கல் சில்லுகள் ஒரு குவியல். ஏட்டு திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நானும் கொத்தனாரும் நாலடி இடைவெளியில் நின்றோம். அந்த ஓலையைப் போட்டு மூடியது நான். கொத்தனாருக்கு அது தெரியாது.

தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த வருடங்கள் அவை. பாறசாலையை ஒட்டிய எங்கள் ஊரில் சந்தையில் மீன் கேட்பது மலையாளத்தில், வீட்டில் ஜெபம் பண்ணுவது தமிழில். அதை யாரும் அதுவரை ஒரு சங்கதியாக நினைத்ததில்லை. அந்த வருடங்களில்தான் ஒருவன் எந்த மொழியில் இருமுகிறான் என்றுகூட ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்திப்பில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வண்டி வந்து நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வண்டியின் கண்ணாடியில் எவனோ கல்லை எறிந்துவிட்டான். பிறகு கேட்கவா வேண்டும்? வீட்டு முற்றத்தில் அம்மிக்குழவி கிடந்தாலும் எடுத்து உள்ளே வைக்கிற காலமாகிவிட்டது.

அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஆலய முற்றத்தில் கல் வேலை நடந்துகொண்டிருந்தது. அது என் பொருத்தனை. வாசலுக்கு முன்னால் ஒரு காங்கிரீட் தளம் உண்டு. காணிக்கையாக வருகிற தேங்காயை வெட்டிக் காயப்போட முன்பு யாரோ போட்டது. மழைக்காலத்தில் அதில் பாசி பிடித்துவிடும். என் மனைவி ஆறு மாதம் வயிற்றோடு இருக்கையில் அதில் வழுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடும்போது, பிள்ளையைத் தந்தால் இந்தத் தளம் முழுக்கக் கல் பாவித் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். அவர் தம்முடைய வாக்கைக் காத்தார். மகள் பிறந்தாள். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்ததும் நான் கொத்தனாரைத் தேடிப் போனேன்.

கொத்தனார் களியக்காவிளைக்கு அப்புறத்துக்காரர். தினமும் நடந்தே வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேறு சாமி கும்பிடுகிறவர். ஆனாலும் எங்கள் ஆலய முற்றத்தில் கால் வைக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார். முதல் நாளில் அவர் கல்லைத் தொடவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெல்ல ஆலய வாசலை நோக்கிப் போயிற்று. “பாத்தியா மக்கா, தண்ணி ஜெபத்துக்குப் போவுது” என்றார். சாந்தை வாசல் பக்கம் தடிமனாகவும் ரோட்டுப் பக்கம் மெல்லிசாகவும் போட்டுச் சரிவை மாற்ற வேண்டும் என்றார். பிறகு சுத்தியல் காம்பால் தளத்தைத் தட்டித் தட்டி, ஓட்டைச் சத்தம் வருகிற இடங்களில் கரியால் வட்டம் போட்டார். மறுநாள் உளியை எடுத்து, நல்ல தளத்தையும் சேர்த்து அம்மை வடு விழுந்தது போலக் கொத்த ஆரம்பித்தார். நான் கிட்டே ஓடினேன்.

“கொத்தனாரே, இருக்கிறதை என்னத்துக்கு உடைக்கிறீரு?”

“வழவழப்பா இருக்குல்லா. அதுக்க மேல சாந்து வச்சா பிடிக்காது. நனஞ்ச சோப்பு மேல இன்னொரு சோப்பை வச்ச கதை ஆக்கும். கொத்துக் குழியில சாந்து எறங்கணும், அப்பம்தான் கல்லு நிக்கும்.”

கொத்தி, தென்னை ஈர்க்கில் வாரியலால் பெருக்கி, கழுவி, ஈரம் காயும் முன் சிமெண்டுப் பால் ஊற்றி, அதன்மேல் சாந்து விரித்து ஒரு கல் வைப்பார். ஒரு நாளில் இரண்டு வரிசைதான் நகரும். கல்லின் விளிம்பைத் தட்டிச் சேர்க்கும்போது விழுகிற சில்லுகளைத் தெற்குச் சுவரோரம் குவித்து வைத்தார். அந்தக் குவியல்தான் எனக்குத் தூக்கம் போக்கியது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் போனபிறகு, போலீஸ்காரர் கண்ணில் படக்கூடாது என்று ஓலைகளை இழுத்துப் போட்டு மூடினேன். புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். கிடந்த கல்லை மூடினேன். மூடியதால் அது ஒளித்துவைத்த கல் ஆகிவிட்டது. அந்த ஓலை தூக்கப்பட்ட கணத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

“ஆரா இது மூடியது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் குனிந்து கல் வரிசையைப் பார்த்தேன். கொத்தனார் ஓலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. “நானாக்கும் ஏமானே. வெயில் படாண்டாம்னு மூடினேன்” என்றார்.

“கல்லு வெயிலில் காய்ந்து உணங்கிப் போகுமோ?” என்று ஏட்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கொத்தனாரின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டார். விடவில்லை. சாந்து காய்ந்த கரண்டியோடு அந்த முற்றத்தில் நான் தனியாக நின்றேன்.

உடனே போயிருக்க வேண்டும். நான் ஆலயத்துக்குள் போய் முழங்காலில் நின்றேன். பயந்தவனுக்கு ஜெபம்கூட ஒரு ஒளிவிடம்தான் என்பதை அன்று அறிந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: “ஞாயித்துக்கெழமை பிள்ளையை எந்தக் கையால ஏந்தி நிப்பிய?” அப்போது உச்சி வெயில் ஆகியிருந்தது.

ஸ்டேஷன் படி ஏறி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். “கல்லை மூடினது நானாக்கும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. பேடிச்சு மூடினேன்” என்றேன்.

“ஆரைப் பேடிச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஏமானைத்தான்.”

இன்ஸ்பெக்டர், ஒரு வரிசை தவிரப் பாவி முடித்த முற்றத்தைக் காலையிலேயே பார்த்ததாகவும், சில்லு திறந்து கிடந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன் என்றும் சொன்னார். பிறகு விரலை நீட்டி, “சனியாழ்ச்சைக்குள்ளில் ஒரு கல்லுகூட வெளியில் கிடக்கக்கூடாது” என்றார்.

கொத்தனாரை வெளியே விட்டார்கள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் வீங்கி, விரல்கள் மடங்காமல் நின்றன. காலையிலேயே நான் வந்திருந்தால் அந்தக் கை அப்படி ஆகியிருக்காது. அவர் என் பக்கத்தில் வந்து, “எலே, கல்லு உணங்கிற்றா?” என்றார்.

மிச்சம் இருந்தது வாசலை ஒட்டிய ஒரே வரிசை. கலவரக் காலம், வேறு கொத்தன் யாரும் வரத் தயாரில்லை. வெள்ளிக்கிழமை கொத்தனார் கையைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். ஆலயத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, “நான் சொல்லுகேன், நீ வை” என்றார். அவர் வந்து சேரும் முன்னாலேயே நான் முற்றத்துக்கு வந்திருந்தேன். கொத்த வேண்டிய இடத்தில் உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தம் ரோடு வரை கேட்டது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். அது போலீஸ் வண்டி அல்ல, பாலராமபுரத்துக்கு நூல் கொண்டுபோகிற வண்டி. ஆனாலும் கை மறுபடி உளியைத் தூக்கவில்லை.

“கொத்தியாச்சா மக்கா?” என்று மரத்தடியிலிருந்து கேட்டார்.

“ஆச்சு.”

அவர் கைத்துணியின் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு, “பின்ன வை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளை ஏந்திக்கொண்டு அந்தக் கல்லின்மேல்தான் நடந்து உள்ளே போனேன். மூன்றாவது மழைக்காலத்தில் அந்த வரிசை ஆட ஆரம்பித்தது. மற்ற கற்கள் இம்மியும் அசையவில்லை. வாசலில் கால் இடறுகிற ஒவ்வொருவரும், “கொத்தன் கடைசியில ஏமாத்திட்டாம்” என்று சொன்னார்கள். அதற்குள் எல்லை பிரிந்து, அவர் ஊர் அந்தப் பக்கமும் எங்கள் ஊர் இந்தப் பக்கமும் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன். அவருடைய கை முழுக்கச் சரியாகவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. ஒருமுறை, “வாசல்ல கல்லு ஆடுது, கொத்தனாரே” என்று நானே எடுத்தேன், மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “வயசான தளம்லா, ஆடும்” என்று பேச்சை மாற்றிவிட்டார். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அவர் கண்ணை மூடியபோது மண் போடப் போனேன். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் தட்டியது அவர் வந்து சேருகிற நேரத்தில். நாலு தட்டுக்கும் நாற்பது தட்டுக்கும் வித்தியாசம் தெரியாத காது அல்ல அவருடையது. வருகிற வழியில் ரோட்டிலேயே எண்ணியிருப்பார்.

போன மாதம் சபைக் குழு அந்த வரிசையை மட்டும் எடுத்துப் புதிதாக வைக்க ஆள் கூப்பிட்டது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியை விட்டு நெம்பியதும் கற்கள் சாந்தோடு அப்படியே பெயர்ந்து வந்தன. அடியில் பழைய தளம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு மூலையில் நாலே நாலு உளி வடு. வேலைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சத்தமாகக் கேட்டார்: “மத்தது எல்லாம் என்ன ஒரு வேலை! இதை மட்டும் கொத்தாம வச்ச கொத்தன் ஆரு?”

குழுக்காரர் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“கொத்தன் இல்ல மக்கா,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “அதை வச்சது நானாக்கும்.”