ஒயரக்காவும் வெளிநம்பரும்

எங்கள் அண்ணிக்குப் பேச்சு குறைவு, கேள்வி ஜாஸ்தி. லிஃப்ட் நின்றுபோனால் எல்லோரும் படியேறிப் போய்விடுவார்கள். அண்ணி மட்டும் அது ஏன் நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களையும் கருவிகளையும் இணைத்துப் பராமரிப்பது அவர் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் ஒயரக்கா. அதே ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காரும் எனக்கு வாய் மட்டும்தான்.

ஒருநாள் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். குறைமாதக் குழந்தைகளின் இதயத் துடிப்பைக் காட்டும் பதினாறு மானிட்டர்களையும் அவர் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் இன்டர்நெட்டில் எங்கிருந்தும் எட்டக்கூடிய ஒரு வெளிநம்பர் கொடுத்தால் போதும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள்.

"இப்ப இருக்கிறது உள்நம்பர் சார்," என்றார் அண்ணி. "இந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். அடுத்த ஆஸ்பத்திரியிலயும் இதே நம்பர் இருக்கும், மோதாது. யார்கிட்டயும் கேட்டு வாங்கவும் வேணாம். வெளிநம்பர் அப்படியில்ல. உலகத்துக்கே ஒண்ணுதான், எவன் வேணா வந்து தட்டலாம். உள்ள வந்துட்டான்னா அலாரத்தையே நிறுத்திடலாம் சார்."

"நம்மள யாரும்மா தேடி வரப் போறான்? நாளைக்குள்ள முடிக்கலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணனுக்கு அப்போது வேலை இல்லை, அண்ணியின் வேலையும் போனால் வீடு ஓடாது. வெளியே வந்ததும், "சரின்னு செஞ்சு குடுத்துடுங்க அண்ணி, நமக்கென்ன வந்துச்சு?" என்றேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் கேட்ட கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே யார்தான் வருவார்கள்?

மறுநாள் அண்ணி ஒன்றுமே இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, வேறெதனோடும் சேர்க்காமல், வெளிநம்பர் கொடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். நுழையப் பார்ப்பவர்கள் என்ன பாஸ்வேர்ட் போடுகிறார்கள் என்பது திரையில் தெரியும். எங்கள் டீ ஆறுவதற்குள் முதல் ஆள் வந்துவிட்டான்.

"யாரும்மா இது?"

"ஆளே இல்ல சார். உலகத்துல இருக்கிற நம்பரையெல்லாம் வரிசையா தட்டிப் பாக்குற மெஷின். நாம யாருன்னுகூட அதுக்குத் தெரியாது."

வரிகள் மளமளவென்று ஏறின. டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அட, நாய்க்குட்டி பேரெல்லாம் போட்டுப் பாக்குதே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் டாக்டரின் சிரிப்பு நின்றது. அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது நான் மானிட்டருக்கு வெச்ச பாஸ்வேர்ட்மா."

"எந்த மானிட்டருக்கு சார்?"

"பதினாறுக்கும்."