நனைந்த தெரு

எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்குகிறது. வாய் கீழே பார்த்திருக்கும். வயர் இல்லை, சத்தம் இல்லை. மகளோடு வசிக்க இங்கிலாந்துக்கு வந்த புதிதில், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தேன். காற்றை அளக்க கவுன்சில், அதாவது இந்த ஊர் நகராட்சி, மாட்டியது என்று மகள் சொன்னாள். மாதம் ஒருமுறை மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் ஏணியோடு வந்து, பழையதை எடுத்துப் புதியதை மாட்டுகிறாள். பள்ளிக்கூடத் தெருவில் அளவு கூடுதலாக வந்ததால் அங்கே ஓடிய லாரிகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்களாம். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்னச் செய்தி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் இந்த வேலையில் நானும் இருந்திருக்கிறேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளர். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகள் நெரிசலுக்குப் பயந்து ஒரு குறுக்குத் தெருவில் புகுந்து போகும். அங்கே இட்லிக் கடை வைத்திருந்த தேசம்மா, மாவுச் சட்டி மூடியில் விரலை இழுத்துக் காட்டுவாள். விரல் கறுத்துவிடும். அவள் மகளுக்கு வீசிங். "லாரிய வேற ரூட்ல வுடச் சொல்லு நைனா, ராவெல்லாம் புள்ள குந்திகினே கீது" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். காற்றை அளந்து தூசி அதிகம் என்று வந்தால் லாரிகளைத் திருப்பலாம் என்று அவளுக்குச் சொன்னவனே நான்தான். கடைசியில் அளக்கும் இயந்திரமும் வந்தது.

மேலிடத்து ஆட்கள் வந்தால் தெருவைப் பெருக்கி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவி, தண்ணீர் அடித்து வைப்பது எங்கள் வழக்கம். இயந்திரம் வந்த அன்றும் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். குடிநீருக்கே பஞ்சமான காலம் அது. தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டதும் பெண்கள் குடங்களோடு ஓடிவந்து வரிசை போட்டார்கள். லாரி நிற்கவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொட்டிக்கொண்டே போனது.

"இன்னா சார், ரோட்டுக்குத் தாகமா?" என்றாள் தேசம்மா.

"ரோட்டுக்குக் கல்யாணம்டி, நலங்கு வெக்கிறாங்கோ" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா மட்டும் கடையோரம் வைத்திருந்த இயந்திரத்தையும் ஈரத் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளிக்கும் ஊத்துவியா நைனா?"

தூசி வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. லாரிகள் அதே தெருவில் ஓடின. வழக்கத்தினால் செய்துவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நனைந்த மண் பறக்காது என்பது எனக்குத் தெரியும். என் பகுதி அழுக்கு என்று காகிதத்தில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை. தேசம்மாவின் மகள் என்ன ஆனாள் என்று விசாரிக்கவும் இல்லை.

போன வாரம் குழாய் மாற்றும் நாள். ஏணி வருவதைப் பார்த்ததும் என்னையறியாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்துவந்து கம்பத்தடியை நனைத்துக்கொண்டிருந்தேன். "காரைக் கழுவுகிறீர்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான், என்றேன் என் தடுமாறும் ஆங்கிலத்தில். அவள் சிரித்தாள். "எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம். தெரு எப்போதும் போல இருக்கட்டும்." என் கண் கலங்கியதைப் பார்த்து, மனம் புண்படும்படி ஏதோ பேசிவிட்டோம் என்று பயந்து, இரண்டு தடவை ஸாரி சொன்னாள். அவளுக்கு எதை விளக்குவது?

அவள் போன பிறகும் கம்பத்தடியிலேயே நின்றிருந்தேன். தலைக்கு மேலே அந்தக் குழாய், தண்ணீர் கிடைக்காமல் கவிழ்த்துப் பிடித்த குடம் மாதிரி இருந்தது. இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாகத் தள்ளிப் போய் இருமினேன். என் நெஞ்சில் இருக்கும் கரி தேசம்மாவின் தெருவுடையது. இந்த ஊர்க் கணக்கில் அது சேர்ந்துவிடக் கூடாது.