சாம்பிராணி போட்ட ஜீப்பு

எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஆற்றை ஒட்டி வாழை போட்டிருந்தோம். ஈர வயலுக்குள் இறங்கி வாழைத்தார் ஏற்றி வருவதற்கென்று மகன் ஒரு பழைய ஜீப்பு வைத்திருந்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறி வந்துவிடும். வெள்ளம் வந்த வருசம் வாழை மொத்தமும் சாய்ந்தது. ஜீப்பு ஸ்டியரிங் முங்க ரெண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது.

திரும்பக் கன்று நடப் பணம் வேண்டும். விற்பதற்கு அந்த வண்டியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்த வண்டி என்று தெரிந்தால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள் என்று மகன் சொன்னான். மெக்கானிக்கைக் கூட்டி வந்து என்ஜினைப் பிரித்து, ஆயில் எல்லாம் மாற்றி ஓட வைத்தான். உள்ளே கழுவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நாலு நாள் கழுவினேன். சீட்டுக்கு அடியிலும் கதவு இடுக்கிலும் கொண்டை ஊசியை விட்டு வண்டலைத் தோண்டி எடுத்தேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் என் கை போகவில்லை.

"அங்கன எவன் பாக்கப் போறான், விடும்மா" என்றான் மகன்.

அழுக்கு போயிற்று. வாடை போகவில்லை. அழுகின வைக்கோலும் மீனும் கலந்த மாதிரி ஒரு வாடை. சோப்புத் தூள் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கற்பூரம் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை காட்டுவோமே, அதே மாதிரி. டீசலை வடித்துவிட்டு, ஜீப்பைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே மூன்று சட்டியில் கங்கு போட்டு மூன்று வெள்ளிக்கிழமை புகை பிடித்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும் மகன் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தான்.

"எம்மா, ஒனக்கு இருக்க மூள எனக்கு இல்லம்மா" என்றான்.

மகன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான். மீதிப் பாதி, அவன் அப்படிச் சொன்னது எனக்கு இனித்தது. அடுப்படியை விட்டு வெளியே வந்து ஒரு காரியத்துக்கு யோசனை சொன்னவள் இல்லை நான். அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வந்தவர் அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலை அடிவாரத்தில் ஜீப்பு ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைக்கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகும் தொழில். அவர்கள் ஸ்டாண்டில் யார் வண்டி வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்களாம். கூலி கிடையாது, ஒரு டீயும் வடையும்தான். ஆனால் அவர் தலையாட்டாமல் ஒருத்தரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வந்த உடனே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடு இல்ல, நல்லது. நான் வாரதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தீயன்னா அப்படியே பஸ் ஏறியிருப்பேன் வே" என்று மகனிடம் சொன்னார். ஆறிக் கிடக்கும் என்ஜினை எழுப்பினால்தான் அதன் நோவு தெரியுமாம்.

பிறகு சாக்கை விரித்து அடியில் படுத்தார். சின்னச் சுத்தியலால் சட்டத்தை ஓரடிக்கு ஒரு தட்டு. நாம் பானையைத் தட்டி வாங்குவோமே, அப்படிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கியர் பெட்டிக்குள் விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காப்பி மாதிரி இருக்குமாம். டயர் உள்பக்கம் தேய்ந்திருப்பதற்குக் கொஞ்சம் விலையைக் குறைத்தார். எழுந்து, ஜீப்பின் பக்கத் தார்ப்பாயை இறக்கி மூடிவிட்டு, வாடை பிடித்துப் பார்க்க உள்ளே தனியாக உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் சுண்டு விரலைக் காட்டினார். நுனியில் துளி வண்டல்.

"சீட்டு போல்ட்டு ஓட்டையில இருந்துச்சு. வெள்ளத்துல நின்னுச்சோ?"

"ஆத்தங்கரை வயலுலா அண்ணாச்சி, வண்டல் ஒட்டாம இருக்குமா? வெள்ளத்தன்னைக்கு மேட்டுத் தெருவுல ஏத்தி நிப்பாட்டிட்டோம்" என்றான் மகன். கண் சிமிட்டாமல் சொன்னான்.

"தண்ணி ஏறலன்னா ரெண்டே முக்கா லட்சம் தாரேன். ஏறிச்சுன்னா ஒன்றரை. எடுக்க மாட்டேன்னு சொல்லல. வயரு பூரா புதுசா இழுக்கணும், அந்தச் செலவு எனக்கு இருக்குலா. மலையில ஆள வச்சிக்கிட்டுப் போற வண்டி, அதனாலதான் கேக்கேன். எதுக்கும் டேஷ்போர்ட கழட்டிப் பாத்துக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மகன் முகம் வெளுத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தார்.

"ஆச்சி, நீங்க சொல்லுங்க. வண்டிக்குள்ள தண்ணி ஏறிச்சா?"

ஏறவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஏறிச்சு என்று சொல்லவும் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவோம் தம்பி" என்றேன்.

அதில் பொய் என்று ஒரு எழுத்தும் இல்லை. அதை விடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதான் பாத்தேன், கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு. வண்டிய இப்படி வச்சிருக்க வீட்டுல வாங்கணும்" என்றார். ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பப் பைக்குள் போட்டார். ரெண்டே முக்காலுக்குப் பேச்சு முடிந்தது. சாவியை என் கையால் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். நான் தாலி அறுத்தவள், நல்ல காரியத்துக்கு என் கையை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் கேட்டார்.

கன்று நட்டோம். வாழை வந்தது.

அதற்கு அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டு மதினியும் தெருப் பெண்கள் நாலு பேரும் மலைக்கோயிலுக்குக் கிளம்பினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எந்த மலை, எந்த அடிவாரம் என்று நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஜீப்பு வரிசை. கடைசியில் எங்கள் வண்டி நின்றது. பெயிண்டு மாறியிருந்தாலும், நாலு நாள் என் கையால் கழுவின வண்டி எனக்குத் தெரியாதா?

மதினி நேரே அதை நோக்கி நடந்தாள். வரிசையில் முதலில் நின்ற தடித்த டிரைவர் ஒருத்தர் கூப்பிட்டார்.

"யக்கா, அது வேண்டாம். அது நீச்சல் தெரிஞ்ச வண்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பாதி மலையில லைட்டு அணைஞ்சிரும், ஹாரன் தானா அடிக்கும். ஏறுனவங்க எறங்கி நடந்துதான் வந்தாங்க. டேஷ்போர்ட கழட்டுனா ஒரு படி வண்டல் கொட்டுச்சு. ஏலே, மீனு ஏதும் கெடந்துச்சாலே?"

"அயிரை கெடந்துச்சு அண்ணாச்சி, கொழம்பு வச்சாச்சு" என்றான் இன்னொருத்தன்.

"இவருதான் எங்களுக்கெல்லாம் வண்டி பாத்துக் குடுத்தவரு. இப்ப நாங்க வண்டி பாக்கப் போனா இவர வீட்டுல விட்டுட்டுப் போறோம்" என்று தடித்தவர் முடித்தார்.

எங்களிடம் வாங்கினவர் அந்த வண்டிப் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பழகிப்போன மாதிரி இருந்தது. நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மதினி முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஆச்சி! வாங்க, வாங்க. சொகமா இருக்கீயளா?"

எழுந்து வந்து, ஒரு ஓரமாக நிழலுக்கு என்னைக் கூட்டிப் போனார். "இவனுவ பேசுதத மனசுல வச்சிக்கிடாதீங்க. ஒங்க மகன் சொல்லியிருக்கலாம், சொல்லல. ஒங்களுக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுலயும் சொன்னேன், ஆச்சிக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்கன்னு."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, எனக்குத் தெரியும். வண்டலத் தோண்டுனது நான்தான். வாடை போகணும்னுதான் சாம்பிராணி போட்டேன். மூணே வெள்ளிதான் போட்டேன். யோசனையும் என்னுதுதான்."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அப்ப என் மூக்கு தப்பாப் போகலையா ஆச்சி?" என்றார் பைய.

"இல்ல தம்பி. நான்தான் ஏமாத்தினேன்."

"ரூவா போனது போட்டும். வயரு மாத்திட்டேன், இப்ப நல்லாத்தான் ஓடுது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இப்ப எங்கிட்டச் சொன்னீயல்லா, இத அங்கன வந்து அவனுவகிட்ட ஒருக்காச் சொல்லுதீயளா? அவனுவ காதுல விழட்டும்."

கேட்டது அவ்வளவுதான். பத்தடி தூரம் இருக்கும். ஏழெட்டு ஆண்பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் என் தெருப் பெண்கள். நான் ரெண்டு எட்டு வைத்தேன். தடித்தவர் திரும்பிப் பார்த்தார். மதினியும் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், மகன் தலையில் வந்து விடியும் என்று தோன்றிற்று. கால் நின்றுவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி ஆச்சி. வெயிலா இருக்கு, நெழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, போய் அதே படியில் உட்கார்ந்தார்.

நாங்கள் தடித்தவருடைய ஜீப்பில் மலை ஏறினோம். ரெண்டாவது வளைவில் மதினி என் காதில் கேட்டாள்: "அந்தாளு ஒங்கிட்ட என்னத்தக் கேட்டான்?"

"சொகம் விசாரிச்சாரு" என்றேன்.