மதிலோரப் பீங்கான்

விருத்தாசலம் கோயில் மதிலோரம் கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கான் ஒன்று மஞ்சள், குங்குமத்தோடு நிற்கிறது. பக்கத்தில் பூ விற்கும் அம்மாளிடம் என்னவென்று கேட்கிறேன்.

“கோபுரம் கட்டுனவங்களுக்கு வன்னி எலையத்தான் கூலியாக் குடுத்தாங்க. ஒழைச்ச அளவுக்கு அது பொன்னாச்சு. ஒருத்தரு தூங்கிக்கிட்டே இருந்தாரு. அவரு எலை இப்புடி ஆயிப்போச்சுங்க.”

“இது இந்த ஊரு கம்பெனியில செஞ்சதும்மா. அடியில முத்திரை இருக்கும், காட்டுறேன்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, தலையைச் சாய்த்துத் தேடுகிறேன். அப்பிய மஞ்சளில் ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து திரும்பினால், புதுமாப்பிள்ளை ஒருவர் மாலையோடு காத்திருக்கிறார். நான் விலகியதும் அவரும் மண்டியிட்டுத் தலையைச் சாய்க்கிறார்.

“மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க,” என்று அதட்டுகிறார் அம்மாள். “அதான் மொறை.”