ஆள் விழாத படம்

முகூர்த்தம் இல்லாத நாளில் அருப்புக்கோட்டையில் வீரபத்திரனைத் தேடினால் ஸ்டுடியோவில் கிடைக்க மாட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராப் பையை மாட்டிக்கொண்டு, சிமெண்டு ஆலைக்குப் பிரிந்து போகும் ஒற்றைத் தண்டவாளத்தின் ஓரமாகக் கருவேல நிழலில் உட்கார்ந்திருப்பார். கூட்ஸ் வண்டி வர வேண்டும், அவர் படம் எடுக்க வேண்டும். கல்யாணமும் சடங்கும் காதுகுத்தும் எடுப்பது வயிற்றுக்கு. கூட்ஸ் வண்டி அவருக்குப் பித்து. "பேசாம ரயிலையே கட்டியிருந்தா ஒங்களுக்குத் தோதா இருந்திருக்கும்" என்று அவர் மனைவி தங்கலட்சுமி சொல்லாத வாரம் கிடையாது.

ஆலைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்து ஆலை, அந்தக் காலத்துத் தகரக் கூரை. நிலக்கரி இன்றைக்கும் வேகன் வேகனாக வந்துதான் இறங்குகிறது. வண்டி வளைவில் திரும்பும்போது இந்தக் கடைசி வேகனிலிருந்து அந்த எஞ்சின் வரைக்கும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காக மனுசன் மூன்று மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் கிடப்பார். ரயில் படம் எடுப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கென்று செல்போனில் குழுவும் இருக்கிறது. அதில் அருப்புக்கோட்டை வீரபத்திரன் என்றால் ஒரு மரியாதை.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. படத்தில் ஆள் விழக் கூடாது. குழுவில் இருக்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்: ஆள் விழுந்தால் படம் கெட்டுப்போகும், வண்டி மட்டும் தெரிய வேண்டும். தப்பித்தவறி ஒரு தலையோ மண்வெட்டியோ விழுந்துவிட்டால், கல்யாண ஆல்பத்தில் குறுக்கே போகிறவர்களை அழிக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சுத்தமாக அழித்துவிடுவார். அழித்ததை அதே பேரில் சேமித்துவிடுவார். பழைய படத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் ஸ்டுடியோக்காரருக்கு இல்லை, இடம் அடைக்கும்.

அப்படி விழுந்த தலைகளில் ஒன்று பொன்னுச்சாமியுடையது. வீரபத்திரனுக்கும் அவருக்கும் ஒரே ஊர், மல்லாங்கிணறு பக்கம். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. பொன்னுச்சாமியும் அவர் மனைவி ராக்கம்மாளும் காண்ட்ராக்டர் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து ஒன்பது வருசமாக அந்த வேகன்களில் நிலக்கரி இறக்குகிறவர்கள். ரயில்வே கொடுக்கும் கெடுவுக்குள் வேகனைக் காலி பண்ணியாக வேண்டும், அதனால் வண்டி உள்ளே நுழையும்போதே தண்டவாளத்து ஓரம் வந்து நிற்பார்கள். வீரபத்திரனுக்குப் பொறுக்காது.

"ஏலே பொன்னு, தள்ளுலே! படத்துல விழுறேல்ல!"

"எங்க மூஞ்சி பட்டா ஒன் கேமரா கருத்துப் போயிருமாக்கும்?" என்பார் பொன்னுச்சாமி. சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வேகனுக்குப் பின்னால் போய் நிற்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது வருசத்தில் வீரபத்திரன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆலையின் வைர விழா வந்தது. ஆலை அதிகாரி சங்கர் என்பவர் குழுவில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்கே வந்து, விழாக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் கேட்டார். வீரபத்திரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலணா கேட்கவில்லை. மேடையில் ஒரு சால்வை, ஒரு கேடயம், கைதட்டல். ஊர் முழுக்கக் காலண்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தார், பொன்னுச்சாமி வீட்டில் அவரே ஆணி அடித்து மாட்டினார். ராக்கம்மாள் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு மாசத்துலயும் ஒரு ஆளைக்கூடக் காங்கலையேண்ணே" என்றார். "அதாம்மா அழகு" என்று சொல்லிவிட்டு வந்தார் இவர்.

அடுத்த ஆவணியில் ஒரு காலைநேரம். வேகன் கதவின் கொண்டி இறுகிக்கொண்டது. பொன்னுச்சாமி கடப்பாரையால் நெம்பினார். உள்ளே இருந்த கரியின் கனத்தில் கதவு படாரென்று விழுந்து, வலது கை அதில் மாட்டிக்கொண்டது. காண்ட்ராக்டரின் ஜீப்பு அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டதற்கு ஆலையிலிருந்து பதில் வந்தது. மேற்படி நபர் எமது ஆலையில் ஒருபோதும் வேலை பார்த்தவர் அல்லர். நிலக்கரி திருடும் நோக்கத்தோடு சுவரேறிக் குதித்தபோது காயம்பட்டவர். ஒன்பது வருசம் உங்கள் கரியை மூச்சில் இழுத்து, எச்சிலாகத் துப்பிய மனுசன். அவன் கையையும் வாங்கிக்கொண்டு, திருடன் என்று டைப் அடித்து, சீல் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்ப எப்படித்தான் மனசு வந்ததோ! சோறுதான் தின்கிறார்களா இவர்கள்?

காண்ட்ராக்டர் வருகைப் பதிவேடு வைத்திருந்ததே இல்லை. கூட வேலை பார்த்தவர்களிடம் வாயைத் திறந்தால் அடுத்த லோடுக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ராக்கம்மாள் சொன்னால் பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். பொன்னுச்சாமி கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். "களவாணின்னு எழுதிட்டாய்ங்கல்ல" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் யுவராணி திருச்சுழியில் நர்சிங் படிக்கிறாள். அவள் காதுக்கு இது போய்விடக் கூடாதே என்பதுதான் அவருக்குக் கவலை.

வழக்கை எடுத்த வக்கீல் இம்மானுவேல் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். "நீங்க ஒம்போது வருசமா அங்க படம் எடுக்கிறீக. பொன்னுச்சாமி மம்பட்டியோட நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் போதும்ண்ணே. ஆலைக்காரன் வாய அடைச்சிரலாம்."

"ஒண்ணு என்ன, நூறு தாரேன்" என்றார் வீரபத்திரன்.

இரண்டு நாள் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். வேகன், எஞ்சின், வளைவு, புகை, வானம். எத்தனை வருசத்துப் படத்தைப் பார்த்தாலும் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு படத்தில் வேகன் ஓரமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. ஆளை அழித்தவர் நிழலை அழிக்க மறந்திருக்கிறார். நிழலில் முகமா தெரியும்? "படுபாவி, படுபாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். தங்கலட்சுமி கொண்டுவந்த காப்பி ஆறிப்போய் மேசையிலேயே இருந்தது.

படம் இல்லை என்று மட்டும் இம்மானுவேலிடம் சொன்னார். ஏன் இல்லை என்பதை வீரபத்திரன் சொல்லவில்லை, வெட்கம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முன்னால் பொன்னுச்சாமி, பாதிச் சட்டைக் கை மடித்து ஊக்கு குத்தியிருக்க, பக்கத்தில் ராக்கம்மாள்.

ஆலை வக்கீல் எழுந்தார். பையிலிருந்து எடுத்தது வைர விழாக் காலண்டர்.

"இந்தப் படங்களை எடுத்தவர் எங்கள் ஆலையைச் சேர்ந்தவர் அல்ல. வெளியாள். ஒன்பது வருடமாகச் சொந்த விருப்பத்தில் எடுத்தவர். நீங்களே பாருங்கள் சார், பன்னிரண்டு படத்தில் ஒரு கூலியாள்கூடக் கிடையாது. எங்கள் ஆலையில் எல்லாமே இயந்திரம்தான் இறக்குகிறது. கையால் கரி இறக்கினார்கள் என்பது கட்டுக்கதை."

விசாரணை அதிகாரி தாளைப் புரட்டினார். சித்திரையிலும் ஆள் இல்லை, ஐப்பசியிலும் ஆள் இல்லை. ராக்கம்மாள் மெதுவாகத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட வீரபத்திரன் தாங்கியிருப்பார்.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆலைக்காரன்மேல் வந்த ஆத்திரம் பாதி, தன்மேலேயே வந்தது பாதி. அவருடைய அப்பா நிலம் வைத்திருந்த சம்சாரி வீட்டுக் காட்டில் கூலிக்குப் போனவர். காட்டுக்காரர் எதிரே வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையை விட்டு இறங்கி நின்றவர். அவர் பெற்ற பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு, கூடப் படித்தவனைப் பார்த்துத் தள்ளுலே தள்ளுலே என்று ஒன்பது வருசம் கத்தியிருக்கிறது! அதை அந்தப் பயல்கள் இப்போது காலண்டராக நீட்டுகிறார்கள்.

"அய்யா, நான் பேசணும்" என்று எழுந்து நின்றார்.

"நீங்க யாரு?"

"அந்தப் படத்தை எடுத்தவன்."

ஆலை வக்கீல் சிரித்தார். "நல்லதாப் போச்சு சார், அவரையே கேளுங்க. உங்க படம் பொய்யா?"

"பொய்தாங்கய்யா. நாந்தேன் பொய்யாக்குனேன். ஆள் விழுந்தா படம் நல்லாருக்காதுன்னு எல்லாரையும் வெரட்டுவேன். அதையும் மீறி விழுந்தா கம்ப்யூட்டர்ல அழிச்சிருவேன். கல்யாண ஆல்பத்துல செய்ற வேலைதான். இந்தா, சித்திரை மாசப் படத்துல நாலாவது வேகனுக்குப் பின்னாடி பதினாலு பேரு நின்னாக. நான் நிக்க வச்சேன்."

"சும்மா அடிச்சு விடுறார் சார். அங்கே ஆள் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

வீரபத்திரன் வக்கீலைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே சொல்லத் தொடங்கினார். சந்தனம். மாரீஸ்வரன். காளிராஜ். நரிக்குடியிலிருந்து வருகிற வெள்ளைத்தாய், அவருடைய கொழுந்தன் பாண்டீஸ்வரன். மாரிசெல்வம், காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் நகருவான். ஒரு பேர்கூடத் தடுமாறவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பன்னிரண்டு பேரும் அந்த அறைக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதிகாரி தலையசைத்ததும் மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

"ராக்கம்மா" என்றார் வீரபத்திரன். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பொன்னுச்சாமி. எங்கூட எட்டாப்பு படிச்சவன். கடப்பாரையோட முன்னாடி நிக்கிறது அவந்தான், அதனால அவனத்தேன் மொதல்ல வெரட்டுவேன். ஒம்போது வருசம் வெரட்டியிருக்கேன். இல்லாத ஆளை எப்படிங்கய்யா பேரு சொல்லி வெரட்ட முடியும்?"